சமத்துப் பொட்டலம்

டோங்காங் மீன் சந்தைக்குப் பின்னால், பொரித்த கணவாய் விற்கும் குவோ பெரியவரின் கடைப் பலகையில் ஓர் ஐஸ் கட்டி உருகாமல் கிடந்தது. எண்ணெய்ச் சட்டிக்கு ஒரு முழம் தள்ளி, மத்தியான வெயில் நேராக விழும் இடத்தில், சுற்றிலும் ஒரு பொட்டு ஈரம்கூட இல்லாமல், கண்ணாடிக் கடையில் வாங்கி வைத்த சாமான் போலக் கிடந்தது.

"நேத்து சாயந்திரம் உன் தங்கச்சி கடையில வாங்கினது," என்றார் குவோ. "கணவாய் மேல போட்டு வெச்சேன். கணவாய் வித்துப் போச்சு. இது போக மாட்டேங்குது."

தேஷுன் அதை எடுத்துப் பார்த்தான். தலை நரைக்கத் தொடங்கும்வரை ஐஸ் மெஷின்களோடு மல்லுக்கட்டிய ரிப்பேர்க்காரனின் கை அது. "நல்ல சரக்கு பெரியப்பா. இனிமே விக்காம வாடகைக்கு விடச் சொல்றேன்."

"சிரி, சிரி. அதுக்காகவா உனக்குப் போன் போட்டேன்? அந்தப் பொண்ணு ஆகஸ்ட் மாசத்துல குளிர்கோட்டு போட்டுக்கிட்டு மெஷின் பக்கத்துலயே உக்காந்திருக்கு. எனக்கு இங்க பனியனே பாரமா இருக்கு. போய்ப் பாரு. பாத்துட்டு, உன் வாயை மட்டும் கொஞ்சம் கட்டி வை."

வாய் விஷயத்தில் குவோவுக்கு உரிமை உண்டு. மே மாதத்தில் தங்கை மகள் யுன்யுன்னின் இறுதிச் சடங்கு முடிந்தபோது, அந்த ஊர் வழக்கப்படி எல்லாரும் திரும்பிப் பார்க்காமல், சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினார்கள். சாவு நடந்த இடத்தில் 'வரேன்' என்ற சொல் வாயிலிருந்து வரவே கூடாது. சொன்னால் அதைக் கேட்டுக்கொண்டு யாராவது வந்துவிடுவார்கள். தேஷுன் பழக்கதோஷத்தில் மருமகளின் படத்தைப் பார்த்து "போயிட்டு வ—" என்று வாயெடுத்துவிட்டான். கணவாய் நாற்றமடித்த ஓர் உள்ளங்கை சட்டென்று வந்து மிச்சத்தை மூடிவிட்டது.

ஐஸ் கட்டியைப் பலகையில் வைத்தான். விரல் நுனிகள் வெளுத்திருந்தன. கை நனையவில்லை.

தங்கை பீஷியாவின் பழ ஐஸ் கடை நாலு கடை தள்ளி இருந்தது. அவள் கணவன் சூரைமீன் கப்பலில் ஏதோ ஒரு நடுக்கடலில் இருந்தான். மகள் செத்ததற்குக்கூட அவனால் வந்து சேர முடியவில்லை. அவனுடைய தடித்த கப்பல் கோட்டைத்தான் அவள் போட்டுக்கொண்டிருந்தாள். மேசைகளில் ஆளில்லை. மாம்பழ வாசனையும், கொதிக்கும் சர்க்கரைப் பாகின் வாசனையும், வெளியிலிருந்து வந்த மீன் கவிச்சியும் எப்போதும்போல ஒன்றாய்க் குழம்பிக் கிடந்தன. ஆனால் வாசலைத் தாண்டியதும் அவன் காதுக்கு ஏதோ குறைந்தது. என்ன என்று உடனே தெரியவில்லை. பிறகு தெரிந்தது. அந்தக் கடையின் பின்கட்டில் ஓயாமல் உறுமிக்கொண்டிருக்கும் மெஷினின் சத்தம் இல்லை.

"கூப்பிடாம வந்திருக்கே?" என்றாள் பீஷியா.

"கூப்பிட்டாத்தான் வரணும்னா நான் என்னிக்கோ பட்டினியில போயிருப்பேன். மெஷினைப் பாக்க வந்தேன்."

"அதுக்கென்ன? நல்லாத்தானே ஓடுது."

"சத்தமே காணோமே."

"சத்தம் போடாம ஓடுது. சமத்தா."

அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவள் உதடுகள் நீலமாக இருந்ததை அவன் பார்த்தான். தோளைத் தொட்டான். கோட்டுக்குள்ளிருந்து குளிர் வந்தது. சட்டென்று கையை எடுத்துவிட்டு, எடுத்ததற்காக வெட்கப்பட்டு, "உன் கடை வாசல்ல ஒரு போர்டு வைக்கலாம், ஏசி வசதி உண்டுன்னு," என்றான். அவள் சிரிக்கவில்லை. அவனுக்கும் சிரிப்பு வரவில்லை. அவனுடைய நகைச்சுவைகளுக்கு இது புதிதல்ல.

பின்கட்டில் மெஷின் ஆளுயரத்துக்கு நின்றது. மேல் பாதி இயந்திரம், கீழ் பாதி ஐஸ் தொட்டி. தலையில், அவனே வைத்த பச்சைப் பொட்டலம். அந்த ஊர்ப் பக்கம் இந்தத் தொழில் செய்கிற எவனும் பொட்டலம் வைக்காமல் வேலையை முடிக்க மாட்டான். சோளமாவுக் கொறிதீனி, தேங்காய் வாசனை, உறையின் மேல் கொட்டை எழுத்தில் 'குவாய் குவாய்' என்று போட்டிருக்கும். சமத்து, சமத்து என்று அர்த்தம். குழந்தையைக் கொஞ்சுகிற சொல். பச்சை உறைதான் வைக்க வேண்டும், மற்ற நிறம் வைத்தால் மெஷின் முரண்டு பிடிக்கும். வைத்ததை யாரும் தின்னக் கூடாது. இதையெல்லாம் நம்புகிறாயா என்று கேட்டால் தேஷுன் சிரிப்பான். எடுத்துவிடு என்றால் மட்டும் எடுக்க மாட்டான்.

தொட்டியின் கதவைத் தூக்கினான். விளிம்புவரை ஐஸ். தெளிவான, கனத்த, ஒரே அளவுக் கட்டிகள்.

வேலை தொடங்குமுன் மின்சாரத்தை நிறுத்தலாம் என்று சுவிட்சுப் பெட்டியைத் திறந்தான். மெஷினுக்கான சுவிட்ச் ஏற்கெனவே விழுந்து கிடந்தது. அதற்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவில் சிலந்தி வலை கட்டியிருந்தது. பழைய வலை. தூசு படிந்திருந்தது.

சரி, என்று தன்னிடமே சொல்லிக்கொண்டான். வேறு எங்கிருந்தாவது ஒயர் இழுத்திருப்பார்கள். பக்கப் பலகையைக் கழற்றினான். ஒயர் எதுவும் இல்லை. கம்ப்ரஸர், கறுத்த பானைபோல, தன் மூலையில் உட்கார்ந்திருந்தது. இணைப்புகளைக் கழற்றி மீட்டரை வைத்தான். உள்ளே ஒரு கம்பிச்சுருள் அறுந்திருந்தது. இன்னொன்று எரிந்து உருகி இரும்பு ஓட்டோடு ஒட்டியிருந்தது. மீட்டர் முள் நேராகப் பூஜ்யத்துக்குச் சாய்ந்தது. கெப்பாசிட்டரைப் பார்த்தான், அது நன்றாகவே இருந்தது. ரிலேவும் நன்றாகத்தான் இருந்தது. சந்தேகமே இல்லை. இது செத்து மாதக் கணக்காகிறது. செத்த கம்ப்ரஸரை நோண்டி அவனுக்குப் பழக்கம். அது எப்படி இருக்கும் என்று தூக்கத்திலும் சொல்லுவான்.

அவன் குந்தியிருந்த இடத்துக்கு நேர் மேலே, மின்சாரம் இல்லாத மெஷினுக்குள், தகட்டிலிருந்து ஐஸ் கழன்று தொட்டிக்குள் கலகலவென்று விழுந்தது.

தேஷுன் எழுந்திருக்கவில்லை.

அவன் எப்போதும் கடைக்காரர்களிடம் சொல்லும் ஒரு விஷயம் உண்டு. எந்த மெஷினும் குளிரை உண்டாக்குவதில்லை. தண்ணீரில் இருக்கிற சூட்டைச் சுமந்துகொண்டுபோய் வேறு இடத்தில் கொட்டுகிறது, அவ்வளவுதான்; நாங்களெல்லாம் கூலிக்காரர்கள், இதுவும் ஒரு கூலிக்காரன். அப்படியானால் இத்தனை ஐஸின் சூடு எங்கே போகிறது? கொட்டவேண்டிய இடம் பின்பக்கத்துக் கண்டென்சர். தொட்டுப் பார்த்தான், அறைச் சூட்டில் இருந்தது. கைவைத்தால் சுடவேண்டிய செம்புக் குழாய் சுவர்போல இருந்தது.

தெர்மாமீட்டரின் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டே, யோசிக்காமல், பக்கத்தில் வந்து நின்ற தங்கையின் மணிக்கட்டில் தொட்டான். எண்ணைப் பார்த்தான். கம்பியைத் துடைத்துவிட்டு மறுபடி தொட்டான். நடமாடும் மனுஷிக்கு இருக்கக்கூடிய எண் இல்லை அது.

"பீஷியா. ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா."

"எனக்கு ஒண்ணுமில்லண்ணா."

"ஐஸ் கட்டிக்குக் கோட்டு போட்ட மாதிரி நிக்கறே."

அவள் ஒரு கணம் கண்ணை மேலே தூக்கினாள். கூரையைப் பார்த்தாள். உடனே தாழ்த்திக்கொண்டாள். அவன் அதைப் பார்த்துவிட்டான்.

மாடிப் படி குறுகலானது. முதல் சில படிகளில் வழக்கமான புழுக்கம். பிறகு அது வேறு மாதிரி ஆனது. வெயிலின் சூடு உலர்ந்த சூடு. இது ஈரமாக இருந்தது. மூடிய வாயிலிருந்து வரும் சூடு. பால், மருந்து, வியர்வையில் நனைந்த தலைமுடி. அந்த வாசனை அவனுக்குத் தெரியும். மே மாதத்தில், மூளைக்குள் ஏறிய காய்ச்சலோடு யுன்யுன்னை இதே படியில் தூக்கிக்கொண்டு இறங்கியபோது அவன் சட்டையில் ஒட்டிக்கொண்ட வாசனை.

யுன்யுன்னின் கட்டில் விரித்தபடி இருந்தது. பூப்போட்ட தலையணையின் நடுவில் ஒரு சின்னக் குழி. தேஷுன் தெர்மாமீட்டர் கம்பியை அந்தக் குழிக்கு நீட்டினான். எண்கள் ஏறின. முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. நாற்பதைத் தாண்டி ஒரு புள்ளியில் நின்றன.

அந்தக் கடைசி இரவில் ஆம்புலன்ஸில் அவன் பார்த்த எண்.

தலையணையில் குழி கொஞ்சம் நகர்ந்தது. படுத்திருப்பவர், வந்தது யார் என்று பார்க்கத் திரும்பினாற்போல.

அவன் எப்படி இறங்கினான் என்பது அவனுக்கு நினைவில்லை. பீஷியா மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முழங்கைவரை கோட்டை மடித்துவிட்டு, கையை ஐஸுக்குள் விட்டிருந்தாள்.

"உள்ள கை விட்டா யுன்யுன் பிடிச்சுக்கிறா அண்ணா," என்றாள், யாரோ தூங்குவதைக் கலைக்க விரும்பாத குரலில். "சின்ன விரலை மட்டும். அப்படித்தானே எப்பவும் பிடிப்பா. அவளுக்கு உள்ளுக்குள்ள ஒரே குளிருது போல. என் சூட்டைக் கொஞ்சம் எடுத்துக்கட்டுமே. என்கிட்ட இருக்கறது அவளுதுதானே?"

"அவ இங்க இருக்கக் கூடாதும்மா. காய்ச்சலோடயே இருக்கா. மேல போய்ப் பாத்தேன். இன்னும் காய்ச்சல் அடிச்சுக்கிட்டே இருக்கு அவளுக்கு."

"தெரியும்."

"அப்புறம் ஏன்..."

"நீதானே இருக்கச் சொன்னே."

முதலில் அவனுக்குப் புரியவில்லை. பிறகு அது, விழுந்த ஐஸ்போல, மொத்தமாக வந்து விழுந்தது.

சடங்கு முடிந்து, துக்க வாரங்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்த நாள். ஆவி வீட்டைவிட்டுக் கிளம்பியிருக்காத காலம் என்பார்கள். எல்லாரும் மேலே அழுதுகொண்டிருந்தார்கள். தேஷுனுக்கு அடுத்தவர் முன்னால் அழ வராது; அவன் கீழே வந்து மெஷினைச் சுத்தம் செய்தான். முடித்ததும், எல்லா மெஷினுக்கும் செய்வதுபோல, பச்சைப் பொட்டலத்தைத் தலையில் வைத்து, இரண்டு தட்டு தட்டி, எல்லா மெஷினிடமும் பேசுவதுபோலப் பேசினான். 'சமத்தா இருக்கணும், என்ன? எங்கேயும் போயிடக் கூடாது. அம்மாவுக்கு ஐஸ் குறையாம பாத்துக்கணும். மாமா வந்து சொல்ற வரைக்கும் இங்கயே இரு.'

மெஷினிடம்தான் சொன்னான். கேட்டது வேறொருத்தி. ஏழு வயசு. மாமா சொன்னால் தட்டாதவள். விடுமுறை நாட்களில் அவனோடு வேலைக்கு வருவாள், வண்டியில் ஏறிய கையோடு பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டு, "மாமா, நான் சமத்து. நீதான் போடல," என்று திட்டுவாள்.

கம்ப்ரஸர் எரிந்து செத்த பிறகும் அம்மாவுக்கு ஐஸ் குறையவில்லை. ஏனென்றால் அவள் சமத்து.

தேஷுன் பொட்டலத்தைத் தொட்டான். ஒட்டு பிரியவில்லை. காற்று நிறைந்து புடைத்துத்தான் இருந்தது. குலுக்கிப் பார்த்தான், உள்ளே தீனி ஒன்றுமில்லை.

"எதையும் மாத்திடாதே அண்ணா," என்றாள் பீஷியா. "உனக்குக் கோடி புண்ணியம். அவளுக்குன்னு இருக்கறது இந்த ஒரு வேலைதான்."

"நீ செத்துடுவே."

"அதுக்கென்ன இப்போ?"

வண்டியில் வேறொரு கடைக்கு வாங்கிய புதுக் கம்ப்ரஸர் இருந்தது, அதே அளவுதான். போய்த் தூக்கி வந்தான். மெஷின் தானே ஓடினால் யுன்யுன் ஓட்ட வேண்டியதில்லை. அவன் யோசனை அவ்வளவுதான். பெரிய யோசனைகள் அவனுக்கு வராது.

பழைய கேஸைச் சிலிண்டருக்குள் இழுத்துவிட்டு, குழாயை அறுத்தபோது கருகிய புளிப்பு நெடி மூக்கில் ஏறியது. தார்போல எண்ணெய் சொட்டியது. செத்த கம்ப்ரஸரின் வயிறு அப்படித்தான் நாறும். அந்த ஒன்றாவது இயல்பாக இருந்ததில் அவனுக்கு அழுகை வந்தது. புதியதை உட்காரவைத்து, குழாய்களுக்குள் நைட்ரஜனை மெல்ல ஓடவிட்டு, வெள்ளிக் கம்பியை உருக்கி ஒட்டினான். நீலச் சுடர் சீறிக்கொண்டிருந்தது. முகத்துக்கு இவ்வளவு கிட்டத்தில் நெருப்பு. சூடு தெரியவில்லை. பீஷியா சுவரோரமாக உட்கார்ந்து, வேலையையோ அவனையோ பார்க்காமல், தொட்டியின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வடிகட்டியை மாற்றினான். வேக்கம் பம்ப்பை மாட்டினான். குழாய்களுக்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சியெடுக்க வேண்டும், அழுத்தமானியின் முள் கீழே இறங்கி அசையாமல் நிற்க வேண்டும். இறங்கியது. நின்றது. பம்ப்பை நிறுத்தினான்.

முள் ஏறியது.

கசிவு, என்று நினைத்தான். இறங்கியது. கசிந்தால் இறங்காது. மறுபடி ஏறியது. இறங்கியது. வேகமாக. மேலோட்டமாக. காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் நெஞ்சு.

ஏறியது. இறங்கியது.

மேலே கட்டில் கிரீச்சிட்டது.

படியில் ஒரு சத்தம். வெறுங்காலின் சத்தம். நின்றது. இன்னொன்று.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கேஸைத் திறந்தான். எடை பார்த்தான். மூடினான். சிலந்தி வலையைக் கட்டைவிரலால் கிழித்துச் சுவிட்சைத் தூக்கினான்.

புதுக் கம்ப்ரஸர் ஒரு முனகலோடு எழுந்து ஓடத் தொடங்கியது. செம்புக் குழாய் சுட்டது. கண்டென்சரிலிருந்து நல்ல, உலர்ந்த, முட்டாள்தனமான அனல் அவன் காலில் அடித்தது. படியில் நின்ற சத்தம் அங்கேயே நின்றது, இனி என்ன செய்வதென்று தெரியாததுபோல.

அவன்தான் இருக்கச் சொன்னான். அவன்தான் விடுவிக்க வேண்டும். பொட்டலத்தை மெஷின் தலையிலிருந்து எடுத்து மார்போடு வைத்துக்கொண்டான். படியின் பக்கம் முகத்தைத் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டான்.

"யுன்யுன். மாமா வந்துட்டேன்டா. மெஷின் இனிமே தானே ஓடிக்கும். உன் வேலை முடிஞ்சுது. நீ எவ்வளவு சமத்துன்னு..." பொட்டலத்தை இன்னும் இறுக்கி அணைத்தான். வழியனுப்பும் நேரத்தில் எல்லாரும் சொல்வதை, அவன் வாய் ஆயுள் முழுக்கச் சொல்லி வந்ததை, அன்போடு சொன்னான். "சரிடா கண்ணு. போயிட்டு வா."

இந்த முறை மூடுவதற்குக் குவோவின் கை இல்லை.

படியில் சூடு கலைந்தது. கொதிக்கும் பானையின் மூடியைத் திறந்தாற்போல ஒரு கனத்த காற்று அவனைக் கடந்து வாசல் பக்கம் போனது. பீஷியா எழுந்து மாடிக்கு ஓடினாள். இறங்கி வந்தபோது கோட்டைக் கழற்றியிருந்தாள். கன்னங்களில் ரத்த ஓட்டம் திரும்பியிருந்தது. தலையணையைக் கையில் பிடித்திருந்தாள்.

"சில்லுன்னு ஆயிடுச்சுண்ணா," என்றாள். "இப்பத்தான் செத்தா அவ."

அவன் அவள் கையைப் பிடித்தான். அது வெதுவெதுவென்று, மனிதக் கையாக இருந்தது. சந்தையிலிருந்து சூடான மீன் கஞ்சி வாங்கி வந்து, ஒரு கிண்ணம் முழுவதையும் அவள் குடித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தான். அவள் அழுதுகொண்டே குடித்தாள். குவோ வாசலில் நின்று, "அந்த ஐஸ் உருகிடுச்சுடா, பலகையெல்லாம் தண்ணி," என்றார். "வாடகை போச்சே பெரியப்பா," என்றான் தேஷுன். பீஷியாவின் வாயோரம் கொஞ்சம் அசைந்தது. அவனுக்கு அது போதும்.

சந்தைக்குப் பின்னால் வண்டி மத்தியானத்திலிருந்து வெயிலில் கண்ணாடி மூடி நின்றிருந்தது. பழைய கம்ப்ரஸரைப் பின்னால் போட்டான். பொட்டலத்தைக் குப்பையில் போட மனம் வராமல், முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டு ஏறிக் கதவைச் சாத்தினான். ஸ்டியரிங் சுட்டுப் பொசுக்கும் என்று துணியை எடுத்தான். பிறகுதான் கவனித்தான். ஸ்டியரிங் சுடவில்லை.

சில்லென்றிருந்தது.

முன்கண்ணாடியின் உட்பக்கம், ஓரங்களிலிருந்து வெள்ளையாக ஏதோ படர்ந்து வந்தது. அதற்கு வெளியே வெயிலில் நாய் ஒன்று நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு போனது. தேஷுனின் மூச்சு அவன் முகத்துக்கு முன்னால் புகையாக நின்றது.

பக்கத்து இருக்கையிலிருந்து சூடு வந்தது. ஈரமான சூடு. பால். மருந்து. கொஞ்சம் தேங்காய் வாசனை.

வா.

வா என்றுதான் சொல்லியிருக்கிறான்.

மாமா சொன்னால் தட்டாதவள்.

அவன் வாயைத் திறந்தான். ஒரே ஒரு சொல் போதும். ஓரெழுத்துச் சொல். அவள் பிறந்த நாளிலிருந்து அவளைப் பார்த்து அவன் ஒருமுறையும் சொல்லாத சொல். நாக்கு அதன் வடிவத்துக்கு வளைந்தது. வரவில்லை. வேறு எதுவும் வந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டான். விரல்கள் மரத்துக்கொண்டிருந்தன. விரலிடுக்கிலிருந்து வெண்புகை கசிந்தது.

பொட்டலம் மெல்லச் சரசரத்தது.

பக்கத்து இருக்கையில், யாரும் தொடாமல், பெல்ட் தன் சுருளிலிருந்து நீண்டது. மெதுவாக. ஒரு சின்ன உடம்பின் மேல் படிவதுபோல நடுவில் லேசாக வளைந்து.

க்ளிக்.